இழுத்துப் பார்த்தவள்

அவள் பெயரை எழுதப் போவதில்லை. எழுதினால், எங்கிருந்தாவது இதைப் படித்துவிட்டு, எத்தனை வரி நடந்தது, எத்தனை வரி நானாகச் சேர்த்தது என்று சிவப்பு மையில் கோடு போட்டு அனுப்பி வைப்பாள். போட்ட கோடு சரியாகவும் இருக்கும். அவளிடம் எனக்கு ஆகவே ஆகாத குணம் அதுதான். சந்தேகப்படுவாள், சந்தேகப்பட்டது சரியாகவும் போய்விடும்.

தொண்ணூறுகளின் பின்பாதி. திருநெல்வேலியை ஒட்டிய ஒரு பொறியியல் கல்லூரியில் நாங்கள் இருவரும் ஒரே வகுப்பு, ஒரே பெஞ்சு. அவள் சீவலப்பேரியிலிருந்து தினமும் டவுன் பஸ்ஸில் வருவாள். நான் ஏரல்காரி, விடுதியில் இருந்தேன். வகுப்பில் யாராவது மழை பெய்கிறது என்று சொன்னால் அவள் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டுவாள். கை நனைந்தாலும் விடமாட்டாள், மோந்து பார்ப்பாள். மாடியில் யாராவது வாளியைக் கவிழ்த்திருக்கலாமாம். அடையாள அட்டைக்கு ரத்தவகை பார்த்தபோது, கல்லூரியில் சொன்னது போதாதென்று வேறு இரண்டு இடங்களில் போய் விரலைக் குத்திக்கொண்டு வந்தாள். மூன்று இடத்திலும் ஒரே பதில்தான். சந்தோஷப்பட வேண்டிய விஷயம், அவள் முகத்தில் என்னவோ ஏமாற்றம் தெரிந்தது.

பாளையங்கோட்டையில் ஒரு தையல்காரரிடம் சுடிதார் தைக்கக் கொடுக்கப் போனோம். அளவெடுக்கும் முன்பே அவருடைய டேப்பை வாங்கி, பையிலிருந்த தன் இரும்பு ஸ்கேலோடு சேர்த்துப் பிடித்தாள். வருஷக்கணக்காக இழுபட்டு டேப் ஓரடிக்கு அரைக்கால் இஞ்ச் நீண்டிருந்தது. எனக்கு மானம் போயிற்று. தையல்காரர் அசரவில்லை.

"எம்மா, இந்த டேப்புல அளந்து இந்த டேப்புலதான வெட்டுதேன்? உடுப்பு சரியாத்தான இருக்கும்?"

அவள் ஒரு நிமிஷம் முழுக்க நின்று யோசித்தாள். பிறகு, "நீங்க சொல்லுதது சரிதான் அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டு அளவு கொடுக்கக் கையைத் தூக்கினாள். இதையும் சொல்லத்தான் வேண்டும். பிடிவாதக்காரி இல்லை அவள். கண்ணெதிரே நிரூபித்துவிட்டால் அந்த இடத்திலேயே ஒத்துக்கொள்வாள். நிரூபிக்காதவரை மட்டும் கடவுளே வந்தாலும் வாசலில் நிற்க வேண்டியதுதான்.

அவள் பையில் ஸ்கேலோடு ஒரு வில் தராசும் எப்போதும் இருக்கும். மேலே வளையம், கீழே கொக்கி, நடுவில் முள். காய்கறி வண்டிக்காரர்கள் தூக்கிப் பிடிப்பார்களே, அந்தச் சாதி. அது வந்த கதையை அவளே ஒருநாள் சொன்னாள். சின்னப் பிள்ளையாக இருந்தபோது இவர்கள் வயல் நெல்லை எடை போட்டு வாங்க ஒரு வியாபாரி களத்துக்கு இப்படியொரு பெரிய தராசோடு வந்தாராம். கொக்கியில் ஒன்றுமே மாட்டாதபோதே முள் பூஜ்யத்தை எட்டாமல் பின்தங்கி நின்றிருக்கிறது, அந்த அளவுக்கு ஒவ்வொரு மூட்டையிலும் எடை குறையும். மூட்டை தொங்கும்போது எல்லோரும் முள்ளைப் பார்ப்பார்கள், வெறும் கொக்கியை யார் பார்ப்பார்கள்? இவள் பார்த்துவிட்டாள். "வெறுந்தராசக் காட்டுங்க" என்று கத்தியிருக்கிறாள். அதிலிருந்து ஊரில் எந்தக் களத்தில் எடை போட்டாலும் அந்தப் பிள்ளையைக் கூப்பிட்டுப் பக்கத்தில் நிறுத்தினார்களாம், சரிபார்க்க இந்தச் சின்னத் தராசையும் வாங்கிக் கொடுத்தார்களாம். இது முழுக்க உண்மையா என்று நான் விசாரிக்கவில்லை. விசாரிக்கிற வேலை அவளுடையது.

இப்படிப்பட்டவள் உலகத்தில் ஒரே ஒரு ஆளைச் சோதிக்காமல் நம்பினாள். அது நான்.

முதல் வருஷம் இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் ஊசலை ஆட்டி ஒரு எண்ணைக் கண்டுபிடிக்கச் சொன்னார்கள். என்ன விடை வரவேண்டும் என்பது பள்ளிக்கூடத்திலேயே எல்லோருக்கும் தெரியும். அதனால் வகுப்பே பின்னாலிருந்து கணக்குப் போட்டுச் சரியான விடையை எழுதிக் கொடுத்தது. எனக்கு அந்தச் சாமர்த்தியம் இல்லை. வந்ததை வந்தபடி எழுதினேன். தப்பும் தவறுமான எண். ஆசிரியர் நோட்டைத் தூக்கி எல்லோருக்கும் காட்டி வாங்கு வாங்கென்று வாங்கினார். மறுநாள் அவள் தன் பெஞ்சை விட்டு எழுந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ஒனக்குப் பொய் எழுத வரலட்டி. நான் ஒன்னய நம்புதேன்" என்றாள். ஆய்வறிக்கை வாசிப்பது போலத்தான் சொன்னாள். ஆனால் எனக்குத் தலை கால் புரியவில்லை. அதன் பிறகு யாராவது அவளிடம் எதையாவது நம்ப வைக்க வேண்டுமென்றால் என்னிடம் வந்து, "நீ சொல்லேன், கேப்பா" என்பார்கள். விடுதி வார்டன்கூட ஒருமுறை கேட்டார். எனக்கு அதில் ஏகப் பெருமை.

மூன்றாம் வருஷம் கல்லூரி விழாவில் ரோபோ தள்ளும் போட்டி வைத்தார்கள். பத்துக் கிலோவுக்கு மேற்படாத இரண்டு வண்டிகள் வட்டமான மரமேடையில் மோதும். எது மற்றதைக் கீழே தள்ளுகிறதோ அது ஜெயித்ததாகக் கணக்கு. ரோபோ என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். ஒரு தகரப்பெட்டி, அதற்குள் மோட்டார், மேடைக்கு வெளியே கார் பேட்டரி, இரண்டுக்கும் நடுவே வயர், கையில் சுவிட்ச் பெட்டி. அவ்வளவுதான். எல்லாக் குழுவும் சாதாரணச் சக்கரம் போட்டது. எனக்கு மட்டும் நூலகத்தில் ஒரு பழைய வெளிநாட்டு இதழில் பார்த்த படம் மண்டைக்குள் சுற்றிக்கொண்டே இருந்தது. ஓம்னி வீல் என்று போட்டிருந்தார்கள். சக்கரத்தின் விளிம்பில் டயருக்குப் பதிலாகக் குறுக்கே சின்னச் சின்ன உருளைகள். சக்கரம் வழக்கம்போல் முன்னும் பின்னும் உருளும். பக்கவாட்டில் தள்ளினால் உருளைகள் சுழன்று வழிவிடும். அப்படி நான்கு சக்கரங்களைப் பெட்டியின் நான்கு மூலையிலும் மூலைவாட்டில் சாய்த்து வைத்தால், வண்டி முகத்தைத் திருப்பாமலே நண்டு போல எந்தப் பக்கமும் போகும்.

இந்தச் சக்கரத்தை யாராலும் ஜெயிக்க முடியாது என்றது இதழ். எங்கள் ஆசிரியர் படத்தைப் பார்த்துச் சிரித்தார். "உருளைக்கு ஏதும்மா பிடிமானம்? சும்மா நின்னாலே வழுக்கும்" என்றார். அவள் இரண்டு பேரையும் நம்பவில்லை. "செஞ்சு, இழுத்துப் பாப்போம்" என்றாள்.

உருளைகளைக் கடைந்து கொடுத்தவர் கல்லூரிப் பட்டறையில் லேத் ஓட்டிய அண்ணாச்சி. பத்து வருஷத்துக்கு மேலாகத் தற்காலிக வேலை. நிரந்தரமாக்கும் ஆர்டர் இந்த மாதம் வரும், அடுத்த மாதம் வரும் என்று காத்திருந்தார். அவரிடம் ஒரு பழக்கம் உண்டு. மெஸ்ஸில் பிழிந்து போட்ட எலுமிச்சை மூடிகளை வாங்கி வைத்துக்கொண்டு, வேலை முடிந்ததும் கை கிரீஸ் போகத் தேய்த்துக் கழுவுவார். அவர் வருவதற்கு முன்னால் வாசனை வந்துவிடும். சக்கரத்துக்குப் பதினாறு உருளை வீதம் அறுபத்துநான்கு. நைலான் கம்பியைப் பீப்பாய் வடிவில் கடைந்து, மேலே சைக்கிள் டியூபை இழுத்து மாட்டி, நடுவில் சைக்கிள் கம்பியை அச்சாகக் கோத்துக் கொடுத்தார். அவள் அறுபத்துநான்கையும் ஒவ்வொன்றாக அளந்து ஏழு உருளைகளைத் திருப்பிக் கொடுத்தாள்.

"எம்மா, கல்யாணத்துக்கு நகை எடுக்க வந்த மாதிரில்லா பாக்குத!" என்றார் அண்ணாச்சி. கோபப்படவில்லை. ஏழு உருளைகளையும் மறுபடி கடைந்தார்.

வண்டி ஓடத் தொடங்கிய அன்று மதியமே தராசு வெளியே வந்தது. மேடைக்கு அடித்த அதே பெயின்டை ஒரு பலகையில் அடித்து வாங்கி வந்திருந்தாள். பலகை மேல் வண்டி, வண்டியின் பின்னால் தராசுக் கொக்கி, தராசின் வளையம் ஜன்னல் கம்பியில். நான் சுவிட்சை அழுத்த, வண்டி முன்னோக்கி இழுக்க, முள் எங்கே நிற்கிறது என்று அவள் தரையில் படுத்துப் பார்த்தாள். அதற்கு முன்னால் வெறுந்தராசைப் பார்த்தாள் என்று தனியாகச் சொல்ல வேண்டுமா?

ஒப்பிட்டுப் பார்க்க, அதே எடையில் இன்னொரு பெட்டிக்கு அதே டியூப் சுற்றிய சாதாரணச் சக்கரம் மாட்டியிருந்தாள், அது எட்டுக் கிலோ இழுத்தது. ஓம்னி சக்கரம் ஐந்தரையில் நின்று வழுக்கியது. ஆசிரியர் சொன்ன மாதிரி பிடிமானமே இல்லாமலும் போகவில்லை, இதழில் போட்டிருந்த மாதிரி அசகாய சூரனாகவும் இல்லை. ரப்பரில் குறை கிடையாது. சக்கரங்கள் சாய்ந்திருப்பதால் ஒவ்வொன்றும் சாய்வாகவே தள்ளுகிறது. அதில் பக்கவாட்டுப் பங்கை எதிர்ச் சக்கரம் அடித்துவிடும். முன்னோக்கிய பங்கு மட்டும்தான் மிச்சம். பத்தில் ஏழு. மூலைவாட்டில் போகவிட்டுப் பார்த்தபோது இரண்டு சக்கரம்தான் வேலை செய்தது, முள் நாலு கிலோவோடு நின்றுவிட்டது. எல்லாவற்றையும் எழுதி வைத்துவிட்டு, "நேருக்கு நேர் முட்டுனோம்னா தோத்தோம்" என்றாள்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. சக்கரம் என் யோசனையல்லவா?

அவள் அதற்குள் அடுத்ததைச் சோதித்துக்கொண்டிருந்தாள். சாதாரணச் சக்கர வண்டியைச் சும்மா நிற்கவிட்டுப் பக்கவாட்டில் இழுத்தாள். எட்டுக் கிலோவுக்கும் அசையவில்லை. அதையே இருந்த இடத்தில் சுற்றிக்கொண்டிருக்கும்போது இழுத்தாள். மூன்று கிலோவுக்கே வண்டி நகர்ந்து வந்துவிட்டது.

"பாத்தியாட்டி? திரும்புத நேரத்துல அது கால் தரையில நிக்கல, ஏற்கெனவே அரைச்சுக்கிட்டு கெடக்கு. நமக்குத் திரும்பவே வேண்டாம். அது முட்ட வந்தா ஒதுங்கிக்கிடுவோம். நம்மளத் தேடித் திரும்பும்லா, அப்பத் தள்ளு. அஞ்சரை தாராளம்."

அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். இப்படியொரு சந்தேகப் பிராணிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது பாக்கியம் என்றுகூட அன்றைக்குத் தோன்றியது. ஒத்திகையில் எட்டுத் தடவை தள்ளினோம், எட்டுத் தடவையும் எதிர்வண்டி கீழே விழுந்தது.

போட்டிக்கு முந்தின நாள் அப்பா வந்தார். ஏரலில் லோடு வண்டி ஓட்டுகிறவர். வாழைத்தார் இறக்க வந்த வழியில் விடுதி வாசலில் நிறுத்தி ஒரு பையைக் கொடுத்தார். நான்கு எலுமிச்சம்பழம்.

"கோயில்ல வச்சு எடுத்தது. நாலு சக்கரத்துக்கும் நாலு. ஏத்தி நசுக்கிட்டுப் பொறகு ஓட்டு, என்ன? ஒங்கம்மா ஆயிரந்தடவ சொல்லிவிட்டா."

எங்கள் வீட்டில் எந்த வண்டியும் பழம் நசுக்காமல் முதல் ஓட்டம் போனதில்லை. அப்பா வண்டியும் சரி, அண்ணன் வாங்கிய பழைய சைக்கிளும் சரி. அதில் யோசிக்க என்ன இருக்கிறது? அவளிடம் மட்டும் சொல்லவில்லை. சொன்னால் பழத்தோடும் பழமில்லாமலும் மும்மூன்று தடவை ஓட்டிப் பார்ப்போம் என்பாள்.

போட்டியன்று காலை அண்ணாச்சி பட்டறை வாசலில், "அச்சுல ரெண்டு சொட்டு எண்ணெ விடட்டுமா தாயி?" என்று கேட்டார். "ஒரு சொட்டுகூடக் கூடாது அண்ணாச்சி, டியூப்ல பட்டா வழுக்கிரும்" என்று அவள் கண்டிப்பாகச் சொல்லிவிட்டு, எடை போடும் இடத்தில் வைத்திருக்கும் தராசு சரியா என்று பார்க்கப் போனாள். பத்து நிமிஷம். அந்தப் பத்து நிமிஷத்தில் நான் பட்டறைக்குப் பின்னால் வண்டியை இறக்கி, நான்கு சக்கரத்துக்கும் கீழே நான்கு பழத்தை வைத்து, சாமியைக் கும்பிட்டுச் சுவிட்சை அழுத்தினேன். அழகாக நசுங்கின. சக்கையை மதிலுக்கு அந்தப்புறம் வீசினேன். சக்கரங்களைக் கைக்குட்டையால் நன்றாகத் துடைத்தேன். நன்றாகத் துடைத்ததாகத்தான் நினைத்தேன்.

சாதாரணச் சக்கரமாக இருந்திருந்தால் துடைத்தது போதும். அறுபத்துநான்கு உருளைகளுக்கும் இடையில் அறுபத்துநான்கு சந்து. சாறு அங்கே இறங்கி உட்கார்ந்துவிட்டது. உருளை சுழலச் சுழல மேலே வந்துகொண்டே இருந்தது.

எங்களோடு மோதியது மெக்கானிக்கல் இறுதியாண்டுப் பையன்களின் வண்டி. முட்ட வந்தது, ஒதுங்கினோம். எங்களைத் தேடித் திரும்பத் தொடங்கியது. அவள் சுவிட்சை அழுத்தினாள். எங்கள் வண்டி போய் இடித்தது, சக்கரங்கள் நின்ற இடத்திலேயே சுற்றின. சேற்றில் சிக்கிய பஸ் போல. பையன்கள் நிதானமாகத் திருப்பி முடித்து எங்களைக் கீழே தள்ளினார்கள். அவள் ஒரு துணியால் சக்கரங்களை அழுத்தித் துடைத்துவிட்டு இரண்டாம் சுற்றுக்கு வைத்தாள். அதே கதை. கூட்டம் சிரித்தது.

அவள் அழவில்லை. வண்டியைக் கவிழ்த்து ஒரு உருளையை விரலால் சுற்றினாள். விரல் நனைந்தது. மோந்து பார்த்தாள்.

"எலுமிச்ச வாசம்" என்றாள். "அண்ணாச்சி கை வாசம். எண்ணெ விட்டுட்டாவட்டி."

நான் குனிந்து வயரைச் சுருட்டத் தொடங்கினேன். துடைத்த துணியை அவள் ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு முடிச்சுப் போட்டாள். சாட்சியாம். மெக்கானிக்கல் பையன்களோடு அண்ணாச்சி தினமும் டீ குடிப்பது ஞாபகம் வந்தது அவளுக்கு. காலையில் எண்ணெய் என்று தானாக வந்து கேட்டதும் ஞாபகம் வந்தது. ஒவ்வொன்றாகச் சேர்த்து ஒரு பக்கத்துக்கு எழுதி, சாயந்திரமே முதல்வர் அறையில் கொடுத்துவிட்டாள். என்னையும் கையெழுத்துப் போடச் சொன்னாள். தலைவலி, நாளைக்குப் போடுகிறேன் என்றேன்.

மறுநாள் அண்ணாச்சியை, விசாரணை முடியும்வரை பட்டறைக்கு வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். நிரந்தர ஆர்டரில் அவர் பெயரை நிறுத்தி வைத்திருப்பதாகவும் பேச்சு வந்தது. நான் வாய் திறக்கவில்லை. நாளைக்குச் சொல்லிவிடலாம், நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று மூன்று நாள் ஓட்டினேன். என்ன பயம் என்று இப்போது கேட்டால் பச்சையாகச் சொல்வேன். முதல்வரைப் பற்றிக் கவலையே இல்லை. அவள் என்னை நம்புவதை நிறுத்திவிடுவாளே என்றுதான் பயந்தேன். ஒருவர் வேலை போகிறது, நான் என் பெருமையைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

மூன்றாம் நாள் அண்ணாச்சி விடுதி வாசலுக்கு வந்து என்னைக் கூப்பிட்டார். சலவைச் சட்டை போட்டிருந்தார். அவரை அப்படிப் பார்த்ததே இல்லை.

"நான் எண்ணெ விடலம்மா. அந்தப் பிள்ள வேண்டாம்னு சொன்னதுக்குப் பொறகு நான் ஏன் விடப் போறேன்? அது யார் சொன்னாலும் கேக்காது, நீ சொன்னா கேக்கும்னு எல்லாரும் சொல்லுதாவ. பைய ஒரு வார்த்த சொல்லு தாயி."

அவர் கண்ணைப் பார்க்க முடியவில்லை. "சொல்லுதேன் அண்ணாச்சி" என்று உள்ளே ஓடிவிட்டேன்.

மறுநாள் காலை பெஞ்சில் அவள் வந்து உட்கார்ந்ததும் எல்லாவற்றையும் கொட்டினேன். அப்பா கொடுத்த பை, நான்கு பழம், பட்டறைக்குப் பின்பக்கம், கைக்குட்டை. அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள். முடித்ததும், "யார் ஒன்னய இப்படிச் சொல்லச் சொன்னா?" என்றாள்.

"யாரும் இல்லட்டி. நடந்ததத்தான் சொல்லுதேன்."

"அண்ணாச்சி நேத்து விடுதிக்கு வந்தாவளா?"

"வந்தாவ. ஆனா..."

"பாவம்னு ஒனக்கு எளகிட்டு. அவியளக் காப்பாத்தப் பழிய நீ ஏத்துக்கிடுத. மூணு நாளு சொல்லாதது இன்னைக்கு என்ன புதுசா?"

மூன்று வருஷத்தில் நான் சொன்ன ஒன்றை அவள் நம்பாதது அதுதான் முதல் தடவை. நான் சொன்னதிலேயே மிகப் பெரிய உண்மை அது. சாமி மேல் சத்தியம் செய்தேன். சத்தியத்தை அவள் என்றைக்கு மதித்தாள்? எழுந்து போய், மெஸ்ஸில் எட்டு எலுமிச்சம்பழம் வாங்கிக்கொண்டு வந்தாள்.

பட்டறையில் லேத் துணி போர்த்திக் கிடந்தது. பலகை, வண்டி, ஜன்னல் கம்பி, தராசு. முதலில் காய்ந்த சக்கரத்தோடு இழுக்கவிட்டாள். ஐந்தரை. அடுத்து அச்சுகளில் சொட்டுச் சொட்டாக எண்ணெய் விட்டு, டியூப் மேல் படாமல் துடைத்து இழுக்கவிட்டாள். அப்போதும் ஐந்தரை. பிறகு அச்சுகளைக் கழற்றி எண்ணெயைத் துடைத்துக் காயவைத்து மாட்டினாள். அதற்கே மதியம் ஆகிவிட்டது. "நீ அன்னைக்குச் செஞ்ச மாதிரியே செய்யி" என்று பழங்களை என் கையில் கொடுத்தாள். வைத்தேன், கும்பிட மட்டும் கை வரவில்லை. நசுக்கினேன். என் கைக்குட்டையாலேயே துடைத்தேன். பத்து நிமிஷம் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு சுவிட்சை அழுத்தினேன்.

முள் இரண்டே முக்காலைத் தாண்டவில்லை.

துடைத்துவிட்டு மறுபடி. மூன்று. மீதி நான்கு பழத்தை வைத்து இன்னொரு முறை. அதே இரண்டே முக்கால். கடைசியாகப் பையிலிருந்து அந்தப் பிளாஸ்டிக் உறையை எடுத்து முடிச்சை அவிழ்த்தாள். போட்டியன்று துடைத்த துணியை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தாள். எண்ணெய்க் கறை ஒரு புள்ளிகூட இல்லை. துணியின் மடிப்பில் எலுமிச்சை விதை ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது.

அவள் அதைப் பார்த்தாள், நான் அவளைப் பார்த்தேன். திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். முள் காட்டிய எண்களை எழுதிய தாளை மடித்து எடுத்துக்கொண்டு, "வா" என்றாள்.

முதல்வர் அறையில் நான் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் தாளைக் கொடுத்துப் புகாரைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். இவ்வளவு விவரமாக எழுதிய பெண் எப்படித் தப்பு செய்தாய் என்று முதல்வர் அவளைக் கேட்டார்.

"எல்லாரையும் சந்தேகப்பட்டேன் சார். ஒரு ஆள மட்டும் பாக்காம விட்டுட்டேன்" என்றாள். என் பக்கம் திரும்பவில்லை.

அன்றே அண்ணாச்சி வீட்டுக்கு இருவரும் போனோம். அவள் வாசலில் நின்றே, "நான் எழுதுனது தப்பு அண்ணாச்சி, மாத்தி எழுதிக் குடுத்துட்டேன்" என்றாள். அவர், "கெடக்கட்டும் தாயி, உள்ள வாங்க" என்று மோர் கொண்டுவரச் சொன்னார். "நீ சொன்னா கேக்கும்னு தெரியும்மா" என்று என்னிடம் வேறு நன்றி சொன்னார். நான் என்ன செய்தேன் என்று அவரிடம் சொன்னேன். அவர், "புது வண்டியில்லா, நசுக்கத்தான செய்வாவ" என்றார். இரண்டு மாதம் தள்ளி ஆர்டர் வந்தது. அந்த இரண்டு மாதமும் என் கணக்கில்தான்.

அவள் பெஞ்சு மாறவில்லை. பேச்சை நிறுத்தவில்லை. சாப்பாட்டைப் பகிர்ந்துகொண்டாள், என் பிறந்தநாளுக்குப் பேனா வாங்கிக் கொடுத்தாள். ஆனால் என் நோட்டைப் பார்த்து எழுதினால், எழுதி முடித்ததும் வேறொருத்தி நோட்டையும் வாங்கி ஒப்பிட்டாள். நாளைக்கு முதல் வகுப்பு இல்லை என்று நான் சொன்னால், "அப்படியா" என்று கேட்டுக்கொண்டு, கொஞ்ச நேரம் கழித்து அறிவிப்புப் பலகைப் பக்கம் போய்விட்டு வந்தாள். ஒளித்துச் செய்யவில்லை, காட்டிச் செய்யவும் இல்லை. எல்லோரிடமும் எப்படியோ என்னிடமும் அப்படி. போனால் போகட்டும் என்று இருக்க நானும் முயற்சி செய்து பார்த்தேன், முடியவில்லை.

கடைசித் தேர்வு முடிந்த அன்று அவளுக்கு ஆழ்வார்திருநகரியில் அத்தை வீட்டுக்குப் போக வேண்டியிருந்தது. ஏரல் போகும் வழிதான். எனக்கு விடுதியைக் காலி செய்ய இன்னும் ஒருநாள் இருந்தது. வழியனுப்ப பஸ் நிலையம்வரை கூடப் போனேன். அந்த ஏரல் பஸ் என் பஸ், நான்கு வருஷமாக நான் ஏறி இறங்கிய பஸ். ஓட்டுநர்கூட அப்பாவுக்குத் தெரிந்தவர். "நாலு இருவதுக்கு எடுப்பாவட்டி, இங்கனயே நில்லு, இங்கனதான் வந்து நிக்கும்" என்றேன்.

"சரிட்டி" என்றாள். என் கையைப் பிடித்துக்கொண்டாள். நான்கு வருஷத்தில் முதல்முறையாக அவள் கண் கலங்கியதைப் பார்த்தேன். கடிதம் போடு என்றாள், போடுகிறேன் என்றேன். கலங்கிய கண் பொய் இல்லை, எனக்குத் தெரியும்.

பிறகு பையை என் காலடியில் வைத்துவிட்டு, "இந்தா வாரேன்" என்று நேரக்காப்பாளர் அறைப் பக்கம் நடந்தாள். ஜன்னலில் குனிந்து அவரிடம் ஏதோ கேட்பதை நான் நின்ற இடத்திலிருந்தே பார்த்தேன். அவர் கையில் இருந்த அட்டையைப் பார்த்துப் பதில் சொன்னார்.

திரும்பி வந்து பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு, "நாலு இருவதுதான்" என்று எனக்குச் சொன்னாள்.